வானுக்கு ஓர் அபயக் குரல்

விமானம் என்றதும் நம் கண்முன் தோன்றுவது, நூற்றுக்கணக்கான பயணிகளை ஏற்றிக்கொண்டு நாடு விட்டு நாடு செல்லும் பெரிய விமானந்தான். ஆனால் எண்ணிக்கையில் அவற்றைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருப்பவை, நான்கு பேரோ ஆறு பேரோ அமரக்கூடிய சிறு விமானங்களே. அமெரிக்கா, கனடா போன்ற பரந்த நாடுகளில், நம் ஊரில் கார் வைத்திருப்பதைப் போலச் சிலர் சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருக்கிறார்கள். உறவினர் வீட்டுக்கும், தொழில் நிமித்தமாகவும், சாலையே இல்லாத அலாஸ்கா கிராமங்களுக்கும் அவற்றிலேயே போய் வருகிறார்கள்.

பெரிய விமானம் ஒன்று காணாமற் போனால் உடனே செய்தி பரவிவிடும். மலைகளுக்கிடையே தாழ்வாகப் பறக்கும் சிறு விமானமோ, ராடார் திரையில் தெரியாமலே போகக்கூடும். அது காட்டில் விழுந்துவிட்டால் யார் அறிவார்? அடிபட்டு உயிரோடிருப்பவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? இக்கேள்விகளுக்கு விடையாக வந்ததுதான் 'எமர்ஜென்சி லொக்கேட்டர் டிரான்ஸ்மிட்டர்' என்னும் கருவி. விமானிகள் சுருக்கமாக ஈ.எல்.டி. என்பார்கள். ஆபத்தில் இருப்பிடத்தை அறிவிக்கும் ரேடியோ கருவி என்று நாம் சொல்லலாம். அது எப்படிப் பிறந்தது, ஏன் அதைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று, புதுப்பிப்பது என்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு சிறுமியின் நாட்குறிப்பு

1967-ஆம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவை நோக்கி ஒரு செஸ்னா விமானம் புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் ஒரு குடும்பத்தினர் மூவர்: விமானத்தை ஓட்டிய தந்தை, தாய், நம்மைப் போன்றே பள்ளிப் பருவத்திலிருந்த மகள். வழியில் வட கலிபோர்னியாவின் பனி மூடிய மலைகளில் விமானம் விழுந்தது. மூவரும் காயமடைந்தனர். ஆனால் ஒருவரும் அப்போது இறக்கவில்லை.

தந்தை உதவி தேடிப் புறப்பட்டார், திரும்பி வரவேயில்லை. தாயும் மகளும் உடைந்த விமானத்துக்குள்ளேயே காத்திருந்தனர். அப்பெண் நாள்தோறும் நடந்தவற்றை எழுதி வைத்தாள். அந்த எழுத்திலிருந்து, அவர்கள் 50 நாட்களுக்கும் மேலாக உயிரோடிருந்தார்கள் என்று பின்னர் தெரியவந்தது. எப்படித் தெரியவந்தது? அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் வேட்டைக்குச் சென்ற ஒருவர் தற்செயலாக அந்த விமானத்தைக் கண்டார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

தேடியவர்களுக்கு மனமில்லாமல் இல்லை, இடந்தான் தெரியவில்லை. "இதோ, இங்கே இருக்கிறோம்" என்று சொல்ல அந்த விமானத்தில் ஒரு கருவி இருந்திருந்தால் அந்தத் தாயும் மகளும் பிழைத்திருப்பார்களே என்ற எண்ணம் அந்நாட்டு மக்களை உலுக்கியது. 1970 டிசம்பரில் நிறைவேறிய ஒரு சட்டத்தில், சிறு விமானங்களிலும் இருப்பிடம் அறிவிக்கும் கருவி இருக்க வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது.

அக்கருவி எல்லா விமானங்களுக்கும் வந்து சேர்வதற்கு முன்பே மற்றொரு துயரம் நிகழ்ந்தது. 1972 அக்டோபர் 16 அன்று, அமெரிக்கக் கீழ்ச்சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹேல் பாக்ஸும், அலாஸ்கா உறுப்பினர் நிக் பெகிச்சும் சென்ற சிறு விமானம் அலாஸ்காவில் மறைந்தது. 39 நாட்கள் தேடினார்கள். விமானமும் கிடைக்கவில்லை, அதிலிருந்த நால்வரும் கிடைக்கவில்லை. நாட்டின் பெருந்தலைவர்களுக்கே இந்நிலை என்றால், சாதாரண மக்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

வாலில் ஒரு பெட்டி

ஈ.எல்.டி. என்பது ஏறத்தாழ ஒரு சாப்பாட்டுப் பெட்டி அளவுள்ள சிறு கருவி. கண்ணில் படுவதற்காகப் பெரும்பாலும் ஆரஞ்சு அல்லது மஞ்சள் வண்ணம் பூசியிருப்பார்கள். இதை விமானத்தின் வால் பகுதியில் பொருத்துவார்கள். விமானம் முன்புறமாக மோதும்போது வால்தான் குறைவாகச் சேதமடையும் என்பது காரணம். விமானத்தின் மின்சாரத்தை அது நம்பியிருப்பதில்லை. தனி பேட்டரி உண்டு.

அதனுள்ளே ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. ஓடும் பஸ்ஸில் நிற்கையில் திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? அதுபோலவே, விமானம் மோதும் அதிர்ச்சியில் அந்தச் சுவிட்சின் உள்பகுதி நகர்ந்து மின்சுற்றை இணைத்துவிடும். உடனே கருவி ரேடியோ அலைகளை அனுப்பத் தொடங்கும். விமானி நினைவிழந்து கிடந்தாலும் கருவி கூவிக்கொண்டே இருக்கும்.

முதலில் வந்த கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் கூவின. விமானிகள் ஆபத்தில் உதவி கேட்பதற்காக உலகெங்கும் ஒதுக்கப்பட்ட அலைவரிசை அது. அருகில் பறக்கும் விமானமோ விமான நிலையமோ அந்த ஒலியைக் கேட்டுச் செய்தி சொல்லும் என்பது ஏற்பாடு. யாரும் அருகில் இல்லாவிட்டால்? கிணற்றில் போட்ட கல்தான்!

புலி வருது, புலி வருது!

ஆடு மேய்த்த சிறுவன் 'புலி வருது' என்று விளையாட்டாகக் கத்திக் கத்தி, உண்மையாகவே புலி வந்தபோது ஊரார் வராமற் போன கதையை நாம் அறிவோம். பழைய ஈ.எல்.டி. கருவிகளுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. விமானம் சற்றுப் பலமாகத் தரையிறங்கினால் கத்தும். பழுது பார்க்கும்போது தட்டுப்பட்டால் கத்தும். 121.5-இல் வந்த அபாய அறிவிப்புகளில் 100-க்கு ஏறத்தாழ 97 பொய்யானவை.

அந்த ஒலியில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரி ஊளையிட்டன. எந்த விமானம், யாருடையது என்று விசாரிக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு பொய்க் குரலுக்கும் ஆட்கள் புறப்பட்டுப் போய்த் தேட வேண்டியிருந்தது. இது ஒருபுறமிருக்க, உண்மையான விபத்தில் பல கருவிகள் வாய் திறக்கவேயில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும், ஆன்டெனா ஒடிந்திருக்கும், கருவியையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கம்பி அறுந்திருக்கும், அல்லது தீயில் எல்லாமே எரிந்திருக்கும்.

வானில் ஒரு காது

கேட்கும் காது தரையில் இல்லையென்றால் வானில் வைக்கலாமே என்று விஞ்ஞானிகள் எண்ணினர். அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒன்றையொன்று நம்பாதிருந்த பனிப்போர்க் காலம் அது. ஆயினும் உயிர் காக்கும் இந்தப் பணிக்காக, 1979-இல் அவ்விரு நாடுகளும் கனடாவும் பிரான்சும் கைகோத்தன. 'கோஸ்பாஸ் - சார்சாட்' என்பது அத்திட்டத்தின் பெயர். முதற்பாதி ரஷ்ய மொழிச் சொற்களின் சுருக்கம். பிற்பாதி ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்.

முதல் செயற்கைக்கோள் 1982 ஜூன் 30 அன்று சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்டது. இன்னும் சோதனை நிலையிலேயே இருந்த அது, செப்டம்பர் மாதத்திலேயே தன் பயனைக் காட்டியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில், முன்னர் காணாமற் போன ஒரு விமானத்தைத் தேடிச் சென்ற மற்றொரு சிறு விமானம் விழுந்துவிட்டது. அதன் ஈ.எல்.டி. எழுப்பிய குரலைச் செயற்கைக்கோள் கேட்டது. அதிலிருந்த மூவரும் மீட்கப்பட்டனர். அன்று தொடங்கி இதுவரை, கடலிலும் நிலத்திலும் வானிலுமாக 50,000-க்கும் அதிகமானோரைக் காப்பாற்ற இத்திட்டம் உதவியிருக்கிறது.

பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் விரையும் செயற்கைக்கோள், தரையில் கருவி இருக்கும் இடத்தை எப்படி அறிகிறது? பௌதிக வகுப்பில் நாம் படித்த டாப்ளர் விளைவுதான் இங்கே கைகொடுக்கிறது. ரயில் வண்டி நம்மை நெருங்கும்போது அதன் ஊதல் கீச்சென்று உயர்ந்து ஒலிக்கும். நம்மைக் கடந்தவுடன் சட்டென்று தாழும். அவ்வாறே செயற்கைக்கோள் கருவியை நெருங்கும்போது அலைவரிசை சற்று உயர்வாகவும், விலகும்போது தாழ்வாகவும் தெரியும். அந்த மாற்றத்தை அளந்து கணக்கிட்டால் கருவி இருக்கும் இடம் கிடைத்துவிடும்.

ஆனால் 121.5 கருவி இதற்கென்று செய்யப்பட்டதன்று. அதன் ஆற்றல் ஏறத்தாழ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குதான். அலைவரிசையும் நிலையாக நிற்பதில்லை. செயற்கைக்கோள் கேட்டாலும், அதே நேரத்தில் ஒரு தரை நிலையமும் அதன் பார்வையில் இருந்தால்தான் செய்தி இறங்கும். இடத்தையும் சுமார் 20 கிலோமீட்டர் பிழையோடுதான் சொல்ல முடிந்தது.

406 என்னும் புதிய குரல்

ஆகவே செயற்கைக்கோளுக்கென்றே 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் புதிய கருவியை அமைத்தார்கள். அது ஓயாமல் ஊளையிடுவதில்லை. 50 விநாடிகளுக்கு ஒரு முறை, சுமார் அரை விநாடி நேரம், 5 வாட் ஆற்றலோடு ஒரு செய்தியை அனுப்புகிறது. அந்தச் செய்தியில் கருவியின் அடையாள எண் இருக்கும். எனவே இது யாருடைய விமானம் என்பது உடனே தெரியும். தரை நிலையம் பார்வையில் இல்லாவிட்டாலும், செயற்கைக்கோள் அச்செய்தியைத் தன்னுள் சேமித்து வைத்துப் பின்னர் சொல்லும். இதனால் பாலைவனமானாலும் துருவப் பகுதியானாலும் குரல் வீணாவதில்லை.

இடத்தைக் காட்டுவதில் உள்ள வேறுபாட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய கருவியின் பிழை 20 கிலோமீட்டர். அதை ஆரமாகக் கொண்ட வட்டத்தின் பரப்பு சுமார் 1,250 சதுர கிலோமீட்டர். புதிய கருவியின் பிழை சுமார் 5 கிலோமீட்டர். வட்டத்தின் பரப்பு 80 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. கருவியோடு ஜி.பி.எஸ். இணைத்துவிட்டால் இடம் ஏறத்தாழ 100 மீட்டருக்குள் தெரிந்துவிடும். காயம்பட்டுக் குளிரில் நடுங்குபவருக்கு இந்த வேறுபாடே உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5 அலைவரிசையைக் கேட்பதை நிறுத்திவிட்டன. இதை முன்கூட்டியே அறிவித்திருந்தும், அந்நாளில் பழைய கருவியோடு பறந்த தனியார் விமானங்கள் பல. அமெரிக்கச் சட்டம் அவற்றை மாற்றும்படி தனியாரைக் கட்டாயப்படுத்தவில்லை. புதிய கருவியின் விலையும் பொருத்தும் கூலியும் சேர்ந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும் என்று உரிமையாளர்கள் தயங்கினார்கள். சிறு வருமானத்தில் பழைய விமானத்தைப் பேணுகிறவர்களுக்கு அது பெருந்தொகைதான். கனடா 2020 நவம்பரில் 406 கருவியைக் கட்டாயமாக்கியபோது, வணிக விமானங்களுக்கு ஓராண்டும் தனியார் பொழுதுபோக்கு விமானங்களுக்கு 5 ஆண்டுகளும் தவணை கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புதுப்பிப்பது எப்படி?

பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. செய்ய வேண்டியவை பின்வருமாறு:

1. கருவியோடு ஆன்டெனாவையும், இணைக்கும் கம்பியையும் மாற்ற வேண்டும். 121.5-க்கு மட்டும் அமைந்த பழைய ஆன்டெனா 406-க்குப் பயன்படாது. புதிய கருவி இரண்டு அலைவரிசைகளிலும் பேசும். செயற்கைக்கோளுக்கு 406, அருகில் வந்துவிட்ட மீட்புக் குழு ஒலியைப் பின்பற்றி வந்து சேர்வதற்கு 121.5.

2. விமானி அமரும் இடத்தில் ஒரு சுவிட்சும் விளக்கும் பொருத்த வேண்டும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் விமானி முன்னதாகவே கருவியை இயக்கலாம். தவறுதலாக இயங்கினாலும் விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும்.

3. கருவியில் அந்த விமானத்துக்குரிய எண்ணைப் பதிய வேண்டும். பிறகு உரிமையாளரின் பெயர், தொலைபேசி எண், அவசரத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பவற்றையெல்லாம் அரசுப் பதிவேட்டில் எழுத வேண்டும். அமெரிக்காவில் இப்பதிவு இலவசம்; 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். குரல் எழுந்ததும் கட்டுப்பாட்டு நிலையத்தார் முதலில் அந்த எண்ணுக்குத்தான் பேசுவார்கள். "விமானம் கொட்டகையில்தான் நிற்கிறது" என்று வீட்டார் சொன்னால் ஒரு பொய்க் குரல் அங்கேயே அடங்கும். "காலையில் புறப்பட்டார், இன்னும் வரவில்லையே" என்றால் தேடுதல் அப்போதே தொடங்கும். விமானத்தை விற்றுவிட்டுப் பதிவை மாற்றாமல் விட்டால், வேறு யாரோ ஒருவருடைய வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும்!

4. பேட்டரியின் கெடுவைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் உபயோகித்திருந்தாலோ, ஆயுளில் பாதி கழிந்திருந்தாலோ பேட்டரியை மாற்றிவிட வேண்டும். கருவியை 12 மாதங்களுக்கு ஒரு முறை சோதிக்கவும் வேண்டும்.

5. சோதிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் பழைய கருவியை ஒவ்வொரு மணியின் முதல் 5 நிமிடங்களில் சற்றே இயக்கிக் கேட்கலாம். புதிய கருவியை அப்படி இயக்கினால் அது உண்மையான அபயக் குரலாகவே செயற்கைக்கோளை அடைந்துவிடும். அதற்கென்று அமைந்த சோதனைச் சுவிட்சை மட்டுமே உபயோகிக்க வேண்டும்.

இடம் பெயர்ந்த கருவி

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு சிறு குறை எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்பதற்கு 2010 ஆகஸ்ட் 9 அன்று நடந்த விபத்து சான்றாகும். அமெரிக்காவின் முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸும் வேறு எண்மரும் சென்ற சிறு விமானம் அலாஸ்காவில் ஒரு மலைச் சரிவில் மோதியது. ஐவர் உயிரிழந்தனர், ஸ்டீவன்ஸும் அவர்களில் ஒருவர். நால்வர் பிழைத்தனர்.

அந்த விமானத்தில் இருந்தது புதிய 406 கருவி. மோதிய வேகத்தில் அது தன் இருக்கையிலிருந்து பெயர்ந்து ஆன்டெனாவின் இணைப்பை இழந்துவிட்டது. குரல் இருந்தும் வெளியே வரவில்லை. எந்தச் செயற்கைக்கோளும் கேட்கவில்லை. மாலையில், போய்ச் சேர வேண்டிய இடத்தில் விசாரித்த பிறகே அவர்கள் வந்து சேரவில்லை என்பது தெரிந்தது. அதன் பின்னரே மற்ற விமானங்கள் தேடிப் புறப்பட்டன.

கருவியைத் தட்டில் இறுக்கிப் பிடிக்கும் பட்டை எவ்வளவு முக்கியம் என்பதை இவ்விபத்து உணர்த்தியது. ஒட்டி ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டைகள் நாளடைவில் பிடிப்பு தளர்ந்துவிடும். ஆகவே உலோகப் பட்டை நல்லது என்றும், அதைச் சோதனையின்போது இழுத்துப் பார்க்க வேண்டும் என்றும் வல்லுநர்கள் வலியுறுத்துகிறார்கள். ஆயிரம் டாலர் கருவிக்கு ஒரு பட்டையின் இறுக்கமே உயிர்நாடியாக அமைந்துவிடுகிறது.

நம் நாட்டின் பங்கு

இத்திட்டத்தில் நம் இந்தியாவுக்கும் பங்குண்டு என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. நம் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய இஸ்ரோ, பெங்களூரில் இதற்கான கட்டுப்பாட்டு நிலையத்தை நடத்துகிறது. பெங்களூரிலும் லக்னோவிலும் செயற்கைக்கோள் செய்திகளைப் பெறும் தரை நிலையங்கள் உள்ளன. 2013-இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி, வானிலையை ஆராய்வதோடு 406 குரலைக் கேட்டு அனுப்பும் கருவியையும் சுமந்து சென்றது. கப்பல்களில் வைக்கும் அபாய அறிவிப்புக் கருவியும் இதே 406 அலைவரிசையில்தான் பேசுகிறது. ஆகவே வங்கக் கடலில் தத்தளிக்கும் மாலுமியின் குரலும், மலையில் விழுந்த விமானியின் குரலும் ஒரே வழியில் வந்து சேர்கின்றன.

இன்று தாழப் பறக்கும் செயற்கைக்கோள்களோடு, சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் வழிகாட்டும் செயற்கைக்கோள்களும் இப்பணியில் சேர்ந்துள்ளன. ஒரே நேரத்தில் அவற்றில் பல பார்வையில் இருப்பதால், செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்கும் நேரம் மிகக் குறைந்துவிட்டது. 2020-இல் ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் மற்றொரு வசதியையும் தொடங்கின. அதற்கேற்ற கருவியாக இருந்தால், "உங்கள் குரல் கேட்டது" என்ற மறுமொழி கருவிக்கே திரும்பி வரும். ஒரு சிறு விளக்கு அதைக் காட்டும். 1967-இல் பனியில் அமர்ந்து, யாராவது தேடுகிறார்களா என்பதே தெரியாமல் நாட்குறிப்பு எழுதிய அந்தப் பெண்ணுக்கு அப்படியொரு விளக்கு எரிந்திருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

தோழியரே, நம்மில் பலர் சிறு விமானத்தில் ஏறும் வாய்ப்பைப் பெறாமலே இருக்கலாம். சிலர் நாளை விமானியாகவோ, பொறியாளராகவோ, பெங்களூரிலுள்ள அந்த நிலையத்தில் இரவுப் பணி செய்பவராகவோ ஆகலாம். யாராக இருந்தாலும் இக்கருவியின் வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஆபத்துக்கென்று வாங்கிய பொருள் வீட்டில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. பள்ளித் தாழ்வாரத்தில் தொங்கும் தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்த்திருக்கிறோமா? முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா, காலாவதியான சீசாக்கள் இருக்கின்றனவா? நம் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெற்றோரின் தொலைபேசி எண் இன்றும் அதே எண்தானா? இவற்றைப் பார்க்க ஆயிரம் டாலர் தேவையில்லை. ஐந்து நிமிடம் போதும். இந்த மலரை மூடி வைத்ததும் பெற்றோரும் நாமும் அதைச் செய்துவிடுவோமாக.